கோதுமை இல்லாத ஒரு டம்ளர்

கோதுமை வேண்டாம் என்று சொன்னால் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்து வைக்கிற ஊர் எங்கள் புதுச்சேரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானே அடிபட்டுக் கண்டுபிடித்த உண்மையாகச் சொல்கிறேன். அந்த வருஷத்து வக்கான்ஸுக்கு (விடுமுறையை நாங்கள் அப்படிச் சொல்லித்தான் பழகிவிட்டோம், பாரீஸ்காரர்களின் பவிசு என்று ஊரில் சிரித்தாலும் வாய் மாறுவதில்லை) பாரீஸிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, முதலியார்பேட்டையில் என் தங்கை விஜயா வீட்டுத் தெருமுனைக் காபிக் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு டம்ளரில் மால்ட் பவுடரைப் பாலில் கலக்கி யாருக்கோ கொடுத்துவிட்டு, அதே கரண்டியை என் காபிக்குள் விடப் போனார். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியும் கோதுமையும். எனக்கு விஷம். "அண்ணே, அந்தக் கரண்டி வேணாம், எனக்குக் கோதுமை ஆவாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, பரிவோடு சர்க்கரை டப்பாவை மூடினார். "சுகரா? எனக்கும் கீது. ஆனா நீ தப்பா புரிஞ்சிக்கினு கீற. சுகருக்குக் கோதுமைதான் நல்லது. சோத்தத்தான் நிறுத்தணும்" என்றார். சொல்லிவிட்டு அதே கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி நீட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி, செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்து, அந்த நுரை ததும்பும் காபியைச் சாக்கடையில் ஊற்றினேன். ஊர்க் காபிக்காக ஏழு கடல் தாண்டி வந்தவன் செய்த முதல் காரியம் இது.

எனக்கு இருப்பது சர்க்கரை அல்ல. பிரெஞ்சில் அதற்கு மலாதி சேலியாக் என்று பெயர். தமிழில் பெயர் இல்லை, பெயர் இல்லாத வியாதியை எவன் மதிப்பான்? கோதுமையிலும் பார்லியிலும் க்ளூட்டென் என்று ஒரு பசை இருக்கிறது. அது உள்ளே போனால் என் குடல் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். வயிறு உப்பும், கொல்லைப்பக்கமே குடியிருக்க வேண்டிவரும், உடம்பில் ரத்தம் ஊறாது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு குளிர்காலத்தில் நான் இளைக்க ஆரம்பித்தேன். கால்சட்டை நிற்கவில்லை. கூட வேலை செய்கிற நம்மூர்க்காரர்கள், ஊரில் சின்ன வீடு எதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டார்கள். என் மனைவி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், மாடி முழுக்க நெடி ஏறி, எதிர் வீட்டு மதாம் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் ஒரு மருத்துவர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பகேத் ரொட்டி என்று பெருமையாகச் சொன்னேன். அந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்பதற்கு என்னிடம் இருந்த இரண்டு அத்தாட்சிகளில் ஒன்று அடையாள அட்டை, இன்னொன்று கக்கத்தில் பகேத்தை இடுக்கிக்கொண்டு நடக்கும் பழக்கம். இரண்டாவதை அன்றோடு பிடுங்கிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க இனி ஒரு சிட்டிகை மாவு கூடாது. கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார்: இது ரத்தத்தில் வருவது, கூடப்பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அழுதேன். "சோறுதான துன்னப் போற, அதுக்கு என்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற" என்றாள். சாப்பாட்டைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. சிக்கல் குடிப்பதில்தான் வந்தது. அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் வீட்டுக்குள் விடமாட்டார்கள், கஃபேயில்தான் சந்திப்பார்கள். வேலை முடிந்து எல்லோரும் கஃபேயில் நிற்கும்போது நீயும் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் நீ அந்தக் கூட்டத்தில் இல்லை. பீர் பார்லி. சூடான சாக்லேட்டில் கெட்டியாவதற்கு மாவு சேர்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இயந்திரத்திலிருந்து வருகிற நுரைக் காபிப் பொடியில் என்ன இருக்கிறதோ யார் கண்டது. சான் க்ளூட்டென், க்ளூட்டென் இல்லாதது, என்று கேட்டால் இப்போது சில இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். அன்று அப்படி இல்லை. ஒருமுறை வெள்ளை ஏப்ரன் கட்டிய பரிமாறுபவரிடம், இந்தப் பானத்தில் மாவு உண்டா என்று கேட்டேன். "முசியே, இது காபி. காபியில் காபி இருக்கிறது" என்றார். சரி, இதைக் கலக்கிய கரண்டி வேறு எதையாவது கலக்கியதா என்று கேட்டேன். அவர் உள்ளே திரும்பி, இந்த முசியேவுக்கு ரொட்டியைக் கண்டால் பயமாம் என்று கத்தினார். கஃபே முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கோமாளிக்கு அது தொழில் அல்லவா. அன்றிலிருந்து சர்க்கரை இல்லாத, பால் இல்லாத, கலக்கப்படாத கறுப்புக் காபி. அதுவும் இயந்திரத்திலிருந்து சொட்டுவதை நின்று கண்ணால் பார்த்தபின்.

அப்போதெல்லாம் மனசுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. ஊருக்குப் போய்விட்டால் கவலை இல்லை, அது அரிசி நாடு. பென்ஷன் வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், காலையும் மாலையும் ஏதாவது கடை வாசலில் நின்று காபி குடித்தே மிச்ச ஆயுளைக் கழித்துவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லியே ஐந்தாறு குளிர்காலங்களைக் கடத்தினேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு வக்கான்ஸுக்கு வந்து பார்த்தால் அரிசி நாடு கோதுமைக்கு மாறியிருந்தது. தெருவுக்கு இரண்டு பேருக்குச் சர்க்கரை, சர்க்கரைக்காரர் வீட்டிலெல்லாம் ராத்திரி சப்பாத்தி. நான் சின்னவனாக இருந்தபோது காய்ச்சல்காரனுக்கு மட்டும் கிடைத்த ரொட்டி இப்போது எல்லோருக்கும் மருந்து. நீர்மோராவது குடிப்போம் என்று ஒரு பந்தலில் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, விஜயாவின் அடுக்களையில் பெருங்காய டப்பாவைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். பெருங்காயத்தோடு மாவு சேர்த்திருப்பதாக டப்பாவே ஒப்புக்கொண்டிருந்தது. மோரில் பெருங்காயம் போட்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணமே எனக்கு வயிறு உப்பிவிட்டது. திரும்பப் பந்தலுக்கு ஓடினேன். பெருங்காயம் போட்டீர்களா என்று மூச்சிரைக்கக் கேட்டேன். "இன்னைக்குப் போடல சார், தீந்துபோச்சு, மன்னிச்சிக்குங்க" என்றார்கள். உடனே வயிறு இறங்கிவிட்டது. என் வியாதியில் பாதி குடலில், மீதி மண்டையில் என்று என் மனைவி சொல்வதை அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே தங்கை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் வாணி. நான் அந்த வருஷம் வந்ததே வாணிக்கு வந்திருந்த வரனைப் பேசி முடிக்கத்தான். மாப்பிள்ளை செந்திலுக்குச் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடு சாரத்தில். நல்ல பையன். ஆனால் அவர்களை இழுத்தது பெண் மட்டுமில்லை, பெண்ணுக்குப் பிரான்சில் ஒரு தாய்மாமன் இருக்கிறான் என்பதும்தான். நாளைக்குப் பையனை அங்கே இழுத்துக்கொள்வான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, என்று ஒரு வார்த்தையை நடுவில் போட்டால் ஜாதகமே தன்னால் பொருந்தும். நானே அப்படிப் பொருந்தியவன்தானே. ஆக, நான் தங்கைவீட்டு வாசலில் கட்டியிருக்கும் காட்சிப்பொருள். காட்சிப்பொருள் நோயாளியாக இருக்கக்கூடாது.

வாணியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நான் இளைத்த காலத்துப் புகைப்படம் பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல் இருந்தாள். கண்ணுக்குக் கீழே வெளுப்பு, கையெல்லாம் குச்சி. சப்பாத்தி தின்றால் வயிறு வலிக்கிறது மாமா என்று ஒருநாள் அவளே தனியாகச் சொன்னாள். அன்றைக்கே விஜயாவிடம் மருத்துவர் சொன்னதைச் சொல்லி, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றேன். தங்கை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ண்ணா, ஒனக்குப் புண்ணியமாப் போவட்டும். கல்யாணம் முடியட்டும், அப்பறம் எந்த டெஸ்ட்டு வேணும்னாலும் எடு. வம்ச வியாதின்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா என் பொண்ண எவன் கட்டுவான்? யாராச்சும் கேட்டா ஒனக்குச் சுகருன்னு சொல்லிடு. சுகர் எல்லாருக்கும்தான் கீது, அது ஒன்னும் அசிங்கமில்ல."

நான் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். ஆனால் கணவன் இல்லாத ஒருத்தி ஒரே மகளை வைத்துக்கொண்டு கேட்கும்போது எந்தக் கோமாளிதான் பேசுவான்? சரி என்றேன்.

சாரத்துக்காரர்கள் பேசி முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான். சம்மதம் ஆகாத வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டால், பிறகு வேண்டாமென்று சொல்ல நா எழாது. அதனால் முன்பெல்லாம் கோயில் மண்டபத்தில் பேசுவார்கள். இப்போது அதற்கென்று இறைவன் கடற்கரைப் பக்கத்தில் குளிரூட்டிய காபி ஷாப்களைக் கொடுத்திருக்கிறான். யார் வீடும் இல்லை, யார் தண்ணீரும் இல்லை, அவரவர் கேட்டதை அவரவர் குடித்துவிட்டு எழுந்து போகலாம். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா அம்மாள்தான் அந்த இடத்தைச் சொன்னாராம். ஒரு சாயங்காலம் நாங்கள் மூன்று பேர், அவர்கள் மூன்று பேர், நடுவில் ஒரு கண்ணாடி மேசை. என் கையில் என் அகலத்துக்கு ஒரு மெனு. அதைப் பிடித்துக்கொண்டு நான் வியர்த்த வியர்வையில் குளிர்சாதனம் தோற்றுப்போனது. ஐஸ் காபி என்றால் உள்ளே பவுடர், பவுடர் என்றால் மால்ட். சாக்லேட் பானத்துக்கு மேலே பிஸ்கட் தூள். ரோஸ் மில்க்கைக் கலக்கும் ஜாடியில் முன்னால் எதைக் கலக்கினார்களோ. சீருடை போட்ட பெண்ணைத் தனியாக ஓரம்கட்டி, எதிலெல்லாம் கோதுமை இல்லை என்று மெதுவாகக் கேட்டேன். அவள் மெனுவை வாங்கி நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோதுமை வேண்டுமானால் சாண்ட்விச் இருக்கிறது சார், பிரவுன் பிரெட், சுகருக்கு நல்லது என்றாள். கடைசியில் ஜாடியும் கரண்டியும் படாத ஒன்றாக, மூடி திறக்காத சோடாவும் அறுக்காத எலுமிச்சம்பழமும் கொண்டுவரச் சொன்னேன். நானே பிழிந்துகொள்கிறேன் என்றேன். பிரான்சில் அப்படித்தானா என்று செந்தில் மரியாதையாகக் கேட்டான். ஆமாம், அங்கே அவரவர் எலுமிச்சையை அவரவர்தான் பிழிய வேண்டும், அதற்குத்தான் புரட்சி செய்தார்கள் என்றேன். அவன் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விஜயாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேச்சு நன்றாகத்தான் போனது. மாதம், மண்டபம், இரண்டு பக்கத்து உறவு என்று எல்லாம் பேசினார்கள். நான் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு, தப்பித்தோம் என்று இருந்தேன்.

அப்போது சரோஜா அம்மாள், நான் எலுமிச்சையில் சர்க்கரை போடாததைக் கவனித்து, அண்ணனுக்குச் சக்கரை எம்மாம் நாளாக என்று கேட்டார். விஜயா முந்திக்கொண்டு, நாலைந்து வருஷமாக என்றாள். சரோஜா அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. தனக்கும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். நல்ல மனுஷி, இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் இதில் கொடுமை.

"கடையில என்னாத்தக் கலக்கறானுங்களோ, நம்மளுக்கு அதெல்லாம் ஆவாதுண்ணே. இதக் குடிங்க. மொளகட்டுன கோதுமையும் பார்லியும் வறுத்து நானே அரைச்ச மாவு, மோர் ஊத்திக் கரைச்சது. எனக்கு இதுலதான் சுகர் எறங்கிச்சு."

பிளாஸ்க் மூடியிலேயே ஊற்றினார். சந்தன நிறத்தில், வறுத்த வாசனையோடு, கெட்டியாக இறங்கியது. உலகத்தில் எனக்கென்றே தேடிப் பொறுக்கிக் கலக்கினாலும் இவ்வளவு சுத்தமான விஷம் அமையாது. வாணிக்கு விஷயம் தெரியும். "மாமாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். "மாமாவுக்கு மோர்னா ரொம்பப் புடிக்கும்" என்று விஜயா முடித்தாள், மேசைக்கடியில் என் காலை மிதித்துக்கொண்டே. பதற்றம் வந்தால் எனக்கு ஜோக் வரும், அது என் சாபம். சொன்னேன்: "யோசிச்சு ஊத்துங்கம்மா. ஒங்க வீட்டுத் தண்ணிய தாய்மாமன் குடிச்சிட்டா பொண்ணு குடுத்தாச்சின்னு அர்த்தம்."

சரோஜா அம்மாள் சிரிக்கவில்லை. மூடியை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"யோசிச்சிட்டுதாண்ணே ஊத்தறேன்."

சம்மதம் வந்துவிட்டது, அதை வரவழைத்தவனே நான்தான். அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது என் மாமனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் ஊர் வார்த்தையில் சொல்தா. கல்யாணத்துக்கு முன் என்னைப் பார்க்க வேண்டுமென்று வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பியிருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, சோம்பு வாசனை அடிக்கிற சாராயத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அதில் தண்ணீர் விட்டார். அது பாலாக மாறியது. எனக்கு அதுவரை கள்வாடைகூடப் பழக்கமில்லை. ஆப்பெரித்திஃப், சாப்பாட்டுக்கு முன் எடுப்பது, குடி என்றார். குடித்தால் அவர் மகள், அவர் மகளோடு நேஷனாலிட்டி, நேஷனாலிட்டியோடு விமானம். என் அம்மா வாசலில் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தொண்டையிலிருந்து தொப்புள்வரை எரிந்தது. சபாஷ் என்று அவர் என் முதுகில் தட்டியதில் பாரீஸில் போய் விழுந்தேன். ஒரு டம்ளரைக் குடித்து ஊரை விட்டுப் போனவன் இன்னொரு டம்ளரைக் குடித்து ஊரில் நிற்கப் பார்க்கிறேன். குடித்தேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்குப் பிறகு கோதுமை. நாக்கு துரோகி, இன்னும் கொஞ்சம் கேட்டது. சரோஜா அம்மாள் ஊற்றினார். விஜயா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வாணி மட்டும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததை விவரிக்க மாட்டேன், சாப்பிடும் நேரத்தில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். விடுமுறையின் மீதியை முதலியார்பேட்டைக் கொல்லைப்புறத்தில் கழித்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன். பாரீஸ்காரருக்கு ஊர்த்தண்ணீர் சேரவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சாரத்திலிருந்து நலம் விசாரித்து ஆள் வந்தது, கையில் ஒரு பெரிய டப்பா நிறைய அதே மாவோடு.

தை மாதம் கல்யாணம். லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். மாமன் சீர் செய்து, மாலை எடுத்துக்கொடுத்து, பந்தியில் எனக்கென்று தனியாகச் சுட்டு வைத்திருந்த சப்பாத்தியை இலைக்கடியில் தள்ளி மறைத்துவிட்டு விமானம் ஏறினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாணியோடு தொலைபேசி. முதலில் எல்லாம் நல்லபடிதான் சொன்னாள். சில மாதங்களில் குரல் தேய்ந்தது. காலையில் அந்த மாவுக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி, மாமியார் தாங்குதாங்கென்று தாங்குகிறார், எனக்குத்தான் எழுந்து நிற்க முடியவில்லை மாமா என்றாள். வேண்டாமென்று சொல்லு என்றேன்.

"சொன்னேன் மாமா. 'ஒங்க மாமாவே எங்கையால வாங்கி ரெண்டு தபா குடிச்சாரு, ஒனக்கு என்னா வந்துச்சி' ன்னு கேக்கறாங்க."

அன்றைக்கே சாரத்துக்கு நேராகப் பேசினேன். சம்பந்தியம்மா, எனக்கு இருப்பது சர்க்கரை இல்லை, வேறொன்று, கோதுமைதான் அதற்கு எமன், அன்றைக்கு உங்களிடம் குடித்துவிட்டு நான் பட்ட பாடு இது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. கோதுமையால் ஒரு வியாதியாம் என்று தன் கணவரிடம் திரும்பிச் சொல்வது கேட்டது. நீங்கள் எலுமிச்சம்பழத்துக்குப் புரட்சி செய்த ஆளாயிற்றே, உங்களை நம்புவேனா என்றார். ஐம்பது வயதுவரை சிரிக்கவைத்தே பிழைத்தவன் ஒரே ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தால் இதுதான் கிடைக்கும். மறுபடி முயன்றிருப்பேன். அதற்குள் விஜயா அழுதுகொண்டே கூப்பிட்டுவிட்டாள். வியாதியை மறைத்துப் பெண் கொடுத்தவள் என்று சொல்லிவிடுவார்கள் ண்ணா, விட்டுவிடு என்றாள்.

என் புத்தியெல்லாம் தீர்ந்துபோன இடத்தில் வாணிக்கு ஒரு புத்தி வந்தது. ஒருநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு மாமியார் முன்னால் போய் நின்றாளாம். எனக்கு ஒரு பிள்ளை கிடைக்கும்வரை கோதுமையையும் பார்லியையும் கையால் தொடுவதில்லை என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன் அத்தை என்றாளாம். அவ்வளவுதான். ஒரு கேள்வி கிடையாது. சரோஜா அம்மாள் அவளுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி எடுத்து வைத்தார். விரதக்காரி புழங்குவதில் மாவுக்கை படக்கூடாது என்று வேலைக்காரியை மிரட்டினார். காபிகூட அவளுக்குத் தனி டம்ளர், அதில் மால்ட் கரண்டி நுழைந்தால் தெய்வக்குற்றம். பிரான்சின் மருத்துவமனையும், என் சான் க்ளூட்டெனும், கஃபே கஃபேயாகக் கெஞ்சிய கெஞ்சலும் எனக்கு வாங்கித் தராத அந்தச் சுத்தமான டம்ளரை முருகன் பெயரைச் சொல்லி ஒரே காலையில் வாங்கிவிட்டாள். நான் நாஸ்திகன் இல்லை, ஆனால் அன்றைக்கு மயிலம் இருக்கிற திசையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கும்பிட்டேன். கோதுமை நின்றதும் வாணிக்கு முகத்தில் ரத்தம் வந்தது. அடுத்த வருஷமே வயிற்றில் பிள்ளையும் வந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று சாரத்தில் ஊரைக் கூட்டி ஒரே கொண்டாட்டம். பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த செய்தியைச் சொன்ன கையோடு சரோஜா அம்மாள் தன் திட்டத்தையும் சொன்னார். வேண்டுதல் பலித்தால் அதை முறையாக முடிக்க வேண்டும் அல்லவா. மயிலம் மலையில் குழந்தைக்கு முதல் மொட்டை, அங்கேயே கோதுமைப் பாயசம் வைத்துப் படைத்து, வாணி சன்னிதியில் உட்கார்ந்து விட்டுப்போன கோதுமையை வயிறாரக் குடித்து விரதத்தை முடிக்க வேண்டும். அத்தனை மாதம் பாவம் நாக்கைக் கட்டியிருந்ததே பெண். முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் போட வேண்டும். வாணிக்கு அண்ணன் தம்பி கிடையாது, அந்த மடியும் என் மடிதான். நீங்கள் என்றைக்கு வருகிறீர்களோ அன்றைக்கு என்று அவர் முடித்தார். உங்களுக்கும் ஒரு பெரிய டம்ளர் எடுத்து வைப்பேன் என்றார்.

சோதனை செய்துகொண்டு உண்மையைச் சொல்லிவிடு என்று வாணியிடம் மன்றாடினேன். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு, குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்றாள். கல்யாணம் முடியட்டும் என்று சொன்ன தாயின் மகள் அல்லவா. பிறகு அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வந்தாதான் மாமா மொட்ட. மொட்ட போட்டாதான் பாயசம். அதனால... நீங்க வராதீங்க மாமா."

நான் போகவில்லை. அந்தக் கோடையில் லீவு கிடைக்கவில்லை என்றேன். அடுத்த கோடையில் முதுகுவலி, விமானத்தில் உட்கார முடியாது என்றேன். சரோஜா அம்மாள் ஒவ்வொரு முறையும் வருத்தப்படுகிறார். வெளிநாட்டுக்காரனுக்குப் பாசம் அற்றுப்போகும் என்று சொல்வார்களே, அது உங்கள் விஷயத்திலும் சரியாகிவிட்டதே அண்ணே என்று போன வாரம் கேட்டேவிட்டார். அப்போது வேலை முடிந்து, கூட்டாளிகளோடு கஃபேயில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோர் கையிலும் பீர், என் கையில் நான் கண்ணால் பார்த்துச் சொட்டவைத்த கறுப்புக் காபி. ஆமாம்மா, இந்த ஊர்க்குளிர் அப்படி ஆக்கிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது நேராக வந்து என் முகத்தில் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

வாணி புகைப்படங்கள் அனுப்புகிறாள். குழந்தைக்கு மொட்டை போடாத முடி காதை மூடி, கழுத்தைத் தாண்டி இறங்கிவிட்டது. எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். பக்கத்தில் நிற்கிற வாணியின் கன்னம் சதை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் முதலில் அந்தக் கன்னத்தைப் பார்க்கிறேன், அப்புறம் குழந்தையின் முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அது இடுப்பைத் தொடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.